போனைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் குறுவை போட்டோம். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டுப் பதினொரு நாள் காத்துக் கிடந்தோம். ஒருநாள் சாக்கு இல்லை, ஒருநாள் லோடுமேன் வரவில்லை, ஒருநாள் ஈரம் பதினேழுக்கு மேல் என்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியிலேயே நெல் முளை விட்டுவிட்டது. பொறுக்க முடியாமல் பெண்கள் நாற்பது பேர் ரோட்டில் உட்கார்ந்தோம். தாசில்தார் வந்து பேசியதும் ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிட்டோம். மறுநாள் எடை போட்டார்கள்.

நான்கு நாள் கழித்து, யூனிஃபார்மில் ஒருவரும் சாதாரண உடையில் ஒருவரும் வீட்டுக்கு வந்தார்கள். நெல் விஷயத்துக்காக நாங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். “போனைக் குடும்மா, சும்மா பார்த்துட்டுத் தர்றோம்” என்றார்கள். விரலை வைத்துத் திறந்து கொடுத்துவிட்டேன். சாதாரண உடையில் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து இருபது நிமிஷம் பார்த்தார். குரூப்பில் இருக்கும் 143 பேரின் நம்பரையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். என்னை நேராகவும் பக்கவாட்டிலும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். ஆதார் நகல் வாங்கிக்கொண்டார். “ஒரு ரெக்கார்டுக்குத்தான்” என்றார். ஊரில் ஒரு பெண் தன் வீட்டுக்காரர் அடிப்பதைப் பற்றி எனக்குத் தனியாக அனுப்பியிருந்தாள். அதையும் திறந்து படித்தார், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவளிடம் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

குரூப்பில் இப்போது 61 பேர்தான் மிச்சம். “தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம்? போனைக் காட்டினதுல என்ன குறைஞ்சுபோச்சு?” என்கிறார் வீட்டுக்காரர். கொழுந்தன் போலீஸ் வேலைக்குப் படிக்கிறான், அவனுக்குப் பாதிப்பு வருமோ என்று மாமியார் அழுகிறார். நேற்று போன் செய்து, சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டுப் போ என்றார்கள். நான் போகவில்லை. நான் செய்தது தப்பா? குரூப்பைக் கலைத்துவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று வந்த போனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். நீங்கள் போகாமல் இருந்தது சரி. ஒரு வழக்கைப் பற்றித் தெரிந்தவர் என்று ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டுமானால், விசாரணை அதிகாரி எழுத்தில் உத்தரவு தர வேண்டும். அவர் பெண்ணாக இருந்தால், அவர் குடியிருக்கும் இடத்துக்குத்தான் அதிகாரி வர வேண்டும். அவராக விரும்பினால் ஒழிய ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு இதைச் சொல்கிறது. பழைய சட்டத்தில் 160-வது பிரிவாக இருந்ததுதான். மறுபடி போன் வந்தால் பதற வேண்டாம். “ஐயா, நான் விசாரணைக்கு மறுக்கவில்லை. என்ன வழக்கு, என்ன நம்பர் என்று எழுத்தில் கொடுங்கள். வீட்டில் வைத்துப் பதில் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். சொன்ன தேதி, நேரம், வந்த நம்பர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். உங்கள் மேலேயே வழக்குப் பதிவாகி, அதே சட்டத்தின் 35-வது பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது வேறு. அதற்குப் போகாமல் இருந்தால் கைதுக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும். அப்போது ஒரு வக்கீலோடு போக வேண்டும். கையில் காகிதம் வந்தால்தான் இந்த இரண்டில் எது என்று தெரியும். நான் இந்தக் கடிதம் முழுக்க ‘எழுத்தில் கேளுங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

போனைக் கொடுத்தது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. யூனிஃபார்ம் போட்ட ஒருவர் வாசலில் நின்று கேட்டால் கை தானாக நீளும். கும்பகோணம் கோர்ட்டில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கொடுத்திருக்கிறார், வங்கி மேலாளர் கொடுத்திருக்கிறார். சட்டம் படித்த என் ஜூனியர் ஒருவரே ராத்திரி வாகனச் சோதனையில் போனைத் திறந்து கொடுத்துவிட்டு, மறுநாள் என்னிடம் வந்து தலைகுனிந்து நின்றார். தப்பு உங்கள் பேரில் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறாரே, என்ன குறைந்துபோனது என்று, அந்தக் கேள்விக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பதில் யோசிக்க வேண்டும்.

அவர் சொல்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. அவர் போனில் ஒளிக்க எதுவும் இருக்காது, நம்புகிறேன். ஆனால் அன்றைக்குத் திண்ணையில் திறந்து வைத்தது உங்களுடைய விஷயங்களை மட்டும் இல்லையே. டெல்டாவில் நெல் குரூப் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் தம்பியும் இப்படி ஒன்றில் இருக்கிறான். கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்வதற்காக ஆளாளுக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். “அக்கா, எனக்கும் சேர்த்துப் பதிஞ்சிடுங்க” என்று குத்தகைக்காரர்கள் நில உடைமைக்காரரின் பெயரோடு அனுப்பியிருப்பார்கள். குத்தகையைப் பதிவு செய்யாமல் வாய்வார்த்தையில் விட்டவர்கள் எத்தனை பேர் என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நகைக்கடன் தவணை, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளை வெளிநாட்டில் எங்கே இருக்கிறான், எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதற்கும் மேலே ஒரு பெண், வேறு யாரிடமும் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லியிருக்கிறாள். முன்பெல்லாம் இதைக் குளத்தங்கரையில் காதோடு காதாகச் சொல்வார்கள், காற்றோடு போய்விடும். இப்போது எழுத்தில் தங்குகிறது. அதனால் உங்கள் போன் உங்களுடைய பொருள்தான் என்றாலும், அதில் இருப்பது 143 பேர் உங்களை நம்பிக் கொடுத்துவைத்தது. தன்னுடையதைக் காட்டலாமா வேண்டாமா என்பதை ஒருவர் தீர்மானிக்கலாம். அடுத்தவர் கொடுத்துவைத்ததை அப்படிக் காட்டிவிட முடியாது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள். அடகு நகை என்றால் அவருக்குச் சட்டென்று புரியும்.

போய்விட்டது என்னவென்று குரூப்பிலேயே தெரிகிறது. 143 பேர் 61 ஆகிவிட்டார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, வழக்குப் போடவில்லை, ஒருவர் உட்கார்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அதற்கே 82 பேர் வெளியே போய்விட்டார்கள். என் அம்மா நடவுக்குப் போனவர். பண்ணை வயலில் நேற்று ராத்திரி யார் வீட்டு வாசலில் யார் உட்கார்ந்து கூலியைப் பற்றிப் பேசினார்கள் என்று விடிவதற்குள் பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் காதுக்குப் போய்விடும், மறுநாள் அந்த வீட்டாளைக் கை நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்வார். கூப்பிடாமல் போனது ஒரு வீட்டை. வாயை மூடிக்கொண்டது தெரு முழுக்க. கண்காணிப்பு என்பது எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது. அடுத்த குறுவையில் நெல் மறுபடி முளைத்தால், ரோட்டுக்கு வர வேண்டாம், ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கக்கூட ஆள் கிடைப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள். கூடிப் பேசுவதும் அமைதியாகக் கூடுவதும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தந்த உரிமை. தனியுரிமை போனால் முதலில் போவது அதுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். போனைக் கேட்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு வழக்கின் விசாரணைக்குத் தேவை என்றால், சாட்சியம் இருக்கக்கூடிய போன் முதலான சாதனங்களை ஒப்படைக்கச் சொல்ல நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து உத்தரவாகத் தர வேண்டும். சோதனை போட வேண்டுமானால் எதற்காக என்று காரணத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த இந்தப் புதிய சட்டத்தில் 105-வது பிரிவு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், எடுத்த பொருளின் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் திண்ணையில் இதில் எது நடந்தது? வழக்கு நம்பர் இல்லை, உத்தரவு இல்லை, பட்டியல் இல்லை, வீடியோவும் இல்லை. ‘சும்மா பார்த்துட்டுத் தர்றோம்’ என்று எந்தச் சட்டத்திலும் ஒரு பிரிவு கிடையாது.

போனைத் திறந்து காட்டச் சொல்லி, கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்லி, வற்புறுத்தலாமா? குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வைத்துத்தான், சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனை நடத்தக் கூடாது என்றது. ஆனால் போன் பூட்டு விஷயத்தில் நாட்டில் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை, கைரேகை வைத்துத் திறப்பதும் நம்பர் சொல்வதும் ஒன்றா என்பதே வாதமாக இருக்கிறது. அதனால் ஒரு சின்ன யோசனை: போனுக்குக் கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்க நம்பர் பூட்டுப் போடுங்கள். விரலைப் பிடித்து வைத்துவிடலாம், மனசில் இருக்கும் நம்பரை அப்படிப் பிடுங்க முடியாது.

இதற்கெல்லாம் அடித்தளம் 2017 ஆகஸ்ட் 24-ல் வந்த தீர்ப்பு. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி, தன் 86-வது வயதில் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான் ஒன்பது நீதிபதிகள் ஒரே மனதாக, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு காக்கும் உயிரோடும் சுதந்திரத்தோடும் சேர்ந்தது என்றார்கள். அவர் 2024-ல், 98 வயதில் காலமானார். உங்களைப் போன்றவர்களிடம் நான் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதில்லை.

அந்தத் தீர்ப்பு தூக்கிப் போட்ட பழைய தீர்ப்பு ஒன்று உங்கள் கதைக்கு ரொம்பப் பக்கம். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். கொள்ளை வழக்கில் பிடித்தார்கள், ஆதாரம் இல்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் பெயரில் ஒரு பதிவேட்டைத் திறந்தார்கள். ராத்திரியில் காவலர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள், தூங்குகிறவரை எழுப்பி வீட்டில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். எங்கே போகிறார், யார் வருகிறார் என்று குறித்துக்கொள்வார்கள். 1962-ல் உச்ச நீதிமன்றம், ராத்திரி கதவைத் தட்டுவது மட்டும் கூடாது, மற்றபடி பின்னால் போய்ப் பார்ப்பதில் தவறில்லை, அந்தரங்கம் என்று தனியாக ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றது. ஐம்பத்தைந்து வருஷம் அந்தத் தீர்ப்பு தூக்கப்படாமல் இருந்தது. 2017-ல் அதைத் தவறு என்று சொல்லி, தனிமனிதரின் அந்தரங்கத்துக்குள் அரசு நுழைய வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும், அதிகாரம் தவறாகப் போகாமல் தடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். நான்கில் முதல் படி சட்டம். உங்கள் வாசலில் அந்தச் சட்டம் காகிதமாகத்தான் வந்து நிற்க முடியும். எழுத்தில் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

இது டெல்லியில் இருக்கும் பேச்சு, நம் ஊருக்கு வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றமே, மத்திய உள்துறை 2011-ல் போட்ட ஒரு போன் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது நெருக்கடி அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்று மட்டும் சொல்லி ஒருவர் பேச்சை ரகசியமாகக் கேட்க முடியாது என்றது. கையெழுத்துப் போட்ட உத்தரவுக்கே அந்த நிலை என்றால், உத்தரவே இல்லாமல் இருபது நிமிஷம் பார்த்ததை என்னவென்று சொல்வது?

படம் எடுத்ததைப் பற்றிப் பேச வேண்டும், எனக்கு அதுதான் மனசை அறுக்கிறது. ரோட்டில் உட்கார்ந்திருக்கும்போது வீடியோ எடுத்திருப்பார்கள், பொது இடத்தில் அதை நாம் பெரிதாகத் தடுக்க முடியாது. ஆனால் ஒருவரை நேராகவும் பக்கவாட்டிலும் நிற்கவைத்து எடுப்பது, கைதானவரை எடுக்கும் முறை. அதற்கு 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர் போன்றவர்களிடம்தான் அதன்படி அளவுகளும் படமும் எடுக்கலாம். வேறு ஒருவரிடம் எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அப்படி எடுத்தது 75 வருஷம் மின்னணுப் பதிவாக இருக்கும். நீங்கள் கைதாகவும் இல்லை, மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கவும் இல்லை. தமிழ்நாட்டுக் காவல்துறையிடம் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு சட்டம் நாட்டில் இன்னும் இல்லை. ஒருவர் போனில் இருக்கும் படம் நாளைக்கு எங்கே போய்ச் சேரும் என்று கேட்கும் உரிமை அதனால்தான் உங்களுக்கு முக்கியம்.

தமிழ் நாட்டுக்கு இது புதிதில்லை. மதுரைப் பக்கம் உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைக்க மாட்டோம் என்று சொன்ன ஊர்மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்துப்போனார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவர்களின் விரலை மையில் தோய்த்து ஏட்டில் பதிந்துவைப்பதைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை ஒழிக்க 1947 வரை ஆனது. ‘ஒரு ரெக்கார்டுக்குத்தான்’ என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் ஞாபகம் வரும்.

ஆதார் நகலைப் பற்றிச் சுருக்கமாக. இனி யாருக்குக் கொடுத்தாலும், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். நகலின் மேல் குறுக்கே, எதற்காக, யாரிடம், எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் இருக்கிறது, 1947 என்ற நம்பரில் விவரம் கேட்கலாம். ஆனால் பூட்டினால் ரேஷன் கடையில் ரேகை விழாது, போவதற்கு முன் திறந்துவிட வேண்டும். மாமியாரிடம் சொல்லாமல் பூட்டிவிடாதீர்கள், கடை வாசலில் அவர் நின்று தவிக்கக் கூடாது.

குரூப்பைக் கலைக்க வேண்டாம். பயந்து எதையும் அழிக்கவும் வேண்டாம். நாளைக்கு ஒரு வழக்கு வந்துவிட்டால், சாட்சியத்தை அழித்தார் என்று அதையே உங்கள் மேல் திருப்புவார்கள், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவு மின்னணுப் பதிவை அழிப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. அட்மின் என்பதால் யாரோ எழுதியதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பு என்று மிரட்டினால் அதையும் நம்ப வேண்டாம். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வக்கீல்கள் குரூப் ஒன்றைப் பற்றிய வழக்கில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவரைக் குற்றவாளியாகச் சேர்க்க முடியாது என்றிருக்கிறது.

ஆனால் இனிமேல் வரப்போவதை மாற்றி அமையுங்கள். ஆதாரும் பாஸ்புக்கும் குரூப்பில் போட வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள். பதிவுக்கு வேண்டியவர்கள் நேரில் காகிதமாகக் கொண்டுவரட்டும். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருபது நிமிஷம் கையில் இருந்த போன் அல்லவா, இதைப் பார்க்காமல் விடக் கூடாது. இருந்தால் முதலில் அதைப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு வெளியேற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி பூட்டப்பட்டுத்தான் போகிறது, நடுவில் யாரும் படிக்க முடியாது என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் 143 பேரில் ஒருவர் போனைத் திறந்து கொடுத்தால் 143 பேருடையதும் திறந்ததுதான். அதனால் அடுத்தவர் குடும்ப விஷயம், உடம்பு விஷயம் எதையும் எழுத்தில் வாங்காதீர்கள். ‘வீட்டுக்கு வரேன், நேரில் பேசலாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

கொழுந்தனைப் பற்றி மாமியார் அழ வேண்டியதில்லை. வேலைக்கான காவல் சரிபார்ப்பில் பார்ப்பது வழக்கை. அண்ணி ஒரு குரூப்பில் இருக்கிறாள் என்பது வழக்கு ஆகாது. சாலை மறியல் என்று உங்கள் நாற்பது பேர் மேல் ஏதாவது முதல் தகவல் அறிக்கை போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிடுவது நல்லது. 2016-ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தேடலாம். கொழுந்தனையே உட்கார்ந்து தேடச் சொல்லுங்கள், தேர்வுக்கும் உதவும்.

இனி மனு. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வந்தார்கள், என்ன கேட்டார்கள், போன் எத்தனை நிமிஷம் அவர்கள் கையில் இருந்தது, எதையெல்லாம் படம் எடுத்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். கோபம் வேண்டாம், அரசியல் வேண்டாம். கடைசியில் இரண்டே கோரிக்கை: எந்த வழக்கு, எந்த உத்தரவின் பேரில் இது நடந்தது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்கு இல்லையென்றால் என் படத்தையும் 143 பேரின் எண்களையும் அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுங்கள். கூடவே, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, என் படம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று. 30 நாளில் பதில் வர வேண்டும். உளவுப் பிரிவுக்கு விலக்கு இருக்கிறது என்று திருப்பி அனுப்பக்கூடும். மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்தின் 24-வது பிரிவிலேயே இருக்கிறது, மேல்முறையீட்டில் அதை எழுதுங்கள்.

இதற்கெல்லாம் அசையவில்லை என்றால் மாநில மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். குற்றத் தடுப்பு, விசாரணை என்று வந்துவிட்டால் அதன் பெரும்பகுதி பொருந்தாது என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த விலக்கு இவ்வளவு அகலமாக இருந்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. இப்போதைக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற நம்பருக்கு அழைக்கலாம், மன்னார்குடியிலோ நீடாமங்கலத்திலோ கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம். ஏதாவது காரணத்தால் ஸ்டேஷனுக்குப் போகும்படி ஆகிவிட்டால், உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வைத்து, பதிவைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் உயிர்விட்ட பிறகு, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், அந்த ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு எழுதினார். அதனால் கேட்க வேண்டிய பதிவை அன்றைக்கே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக, பேசாமல் போன அந்தப் பெண். நீங்கள் அவளிடம் போய் உண்மையைச் சொன்னது பெரிய காரியம், பல பேர் மறைத்திருப்பார்கள். அவள் கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை, தன் வீட்டு விஷயம் ஒரு அந்நியருக்குத் தெரிந்துவிட்டது, அது புருஷன் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயமும்தான். இன்னொரு தடவை போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அடி விழும் வீட்டில் இருக்கிறவளுக்கு இந்தப் பயம் உயிர்ப் பயம், அதனால் பெண்கள் உதவி எண் 181-ஐ ஒரு காகிதத்தில் எழுதாமல், அவள் மனப்பாடம் ஆகும்வரை வாயால் சொல்லுங்கள். மனுவில் அவள் பெயரையோ, அவள் எழுதியதையோ ஒரு வரிகூடச் சேர்க்க வேண்டாம். ‘மூன்றாம் நபர்களின் சொந்த விஷயங்களையும் படித்தார்கள்’ என்று மட்டும் போதும்.

மனுவை ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீல் போட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன என்று பார்ப்போம்.